ஆண்டவனுக்குக் கண் இல்லையா? கவிஞர்கள் சொல்லிப் பார்த்த பதில்கள்

"அந்த ஆண்டவனுக்குக் கண்ணே இல்லையா?" சாவு வீட்டு வாசலில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் நம் ஊர்ப்பக்கம் இருக்க முடியாது. சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஆறு வயதுப் பையன் ஒருவன் நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டான். அவனுடைய பாட்டி வாசற்படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, இந்த ஒரு கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்கள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். "நல்ல பிள்ளைங்களைத்தான் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்" என்றார் ஒருவர். "போன ஜென்மத்துக் கணக்கும்மா, யாரைச் சொல்லி என்ன" என்றார் இன்னொருவர். "அவன் போடுற கணக்கு நமக்கு எங்க புரியும்" என்றார் மூன்றாமவர். பாட்டி யாருக்கும் பதில் சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் ஒன்றும் பேசாமல் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பாட்டி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்று அந்த வாசலில் சொல்லப்பட்ட பதில்களைத்தான் உலகத்தின் பெரிய கவிஞர்கள் பெரிய பெரிய காவியங்களாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். இது பிறகு படிக்கப் படிக்கத்தான் எனக்குப் புரிந்தது. இந்த விஷயத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, எனக்குப் புரிந்த அளவில் எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் சிக்கல் என்ன என்று பார்த்துவிடலாம். மூன்று வாக்கியம்தான். கடவுள் நல்லவர். கடவுளால் முடியாதது எதுவும் இல்லை. ஒரு பாவமும் அறியாதவர்கள் துன்பப்படுகிறார்கள். இதில் எந்த இரண்டை வைத்துக்கொண்டாலும் மூன்றாவது வந்து இடிக்கும். நல்லவர், வல்லவரும்கூட என்றால் அந்தப் பையன் ஏன் சாக வேண்டும்? நல்லவர்தான், ஆனால் அவரால் தடுக்க முடியவில்லை என்றால் அவர் என்ன கடவுள்? தடுக்க முடிந்தும் தடுக்கவில்லை என்றால் அவர் எப்படி நல்லவர்? கடவுள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று வாதாடும் இந்த முயற்சிக்கு 1710இல் லைப்னிட்ஸ் என்ற ஜெர்மானியத் தத்துவவாதி, கிரேக்க மொழியில் கடவுளையும் நீதியையும் குறிக்கும் இரண்டு சொற்களை ஒட்டி, 'தியோடிசி' என்று பெயர் வைத்தார். நாம் இறைநீதி விளக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். பெயர்தான் புதிது, சண்டை மிகப் பழையது.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பின்னால் குழப்பம் வரும். எல்லா மரபிலும் நீதி வழங்க மேலே ஒரு நீதிபதி உட்கார்ந்திருப்பதில்லை. யூத, கிறிஸ்தவ மரபில் இருக்கிறார், அதனால் அவரிடமே நேராகக் கேட்கலாம். சமணத்திலும் பௌத்தத்திலும் வினை தானாகவே வேலை செய்கிறது, விதைத்தது முளைப்பதுபோல. அங்கே சட்டம் உண்டு, நீதிபதி இல்லை. நம்முடைய பழைய தமிழ்ப் பழமொழிகளில் இரண்டும் கலந்து வரும். 'அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்' என்பதில் நீதிபதி இருக்கிறார், 'விதி யாரை விட்டது' என்பதில் அவர் இல்லை.

சரி, தத்துவவாதிகள் இருக்கும்போது கவிஞர்கள் எதற்கு? தத்துவவாதி 'துன்பம்' என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு மேலே போய்விடலாம். கவிஞரால் அப்படிப் போக முடியாது. துன்பப்படும் ஆளை அவர் நம் முன்னால் நிறுத்தியாக வேண்டும், அந்த ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தாக வேண்டும். அந்த வாய் திறந்துவிட்டால் அப்புறம் கவிஞர் நினைத்தாலும் மூட முடிவதில்லை. கடவுளுக்காக வாதாடுகிறேன் என்று ஒரு கவிஞர் கிளம்பினால், கடவுள்மேல் புகார் சொல்கிறவரை அவர் எந்த அளவுக்குப் பேச விடுகிறார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

யோபுவிலிருந்து தொடங்கலாம். பைபிளின் பழைய ஏற்பாட்டில் 42 அதிகாரங்கள் கொண்ட புத்தகம். முன்னும் பின்னும் கொஞ்சம் உரைநடைக் கதை, நடுவில் முழுக்கக் கவிதை. யோபு நேர்மையான மனிதர். 7000 ஆடு, 3000 ஒட்டகம், ஏழு மகன்கள், மூன்று மகள்கள். ஒரே நாளில் அத்தனையும் போகிறது, பிள்ளைகள் உட்பட. அடுத்து உடம்பெல்லாம் கொப்புளம். சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுத் துண்டால் சுரண்டிக்கொண்டிருக்கிறார். மூன்று நண்பர்கள் துக்கம் விசாரிக்க வருகிறார்கள். வந்தவர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு எதிர்வீட்டுப் பெரியவர்தான் ஞாபகம் வந்தார்.

அதற்குப் பிறகு அவர்கள் வாயைத் திறக்கிறார்கள், அங்கேதான் கெடுகிறது. நீ ஏதோ தப்பு செய்திருப்பாய், கடவுள் காரணமில்லாமல் தண்டிப்பாரா என்று மூவரும் மாறி மாறிச் சொல்கிறார்கள். யோபு விடவில்லை. நான் குற்றமற்றவன், என்மேல் என்ன வழக்கு என்று அவரே வந்து சொல்லட்டும் என்று அத்தியாயம் அத்தியாயமாகக் கத்துகிறார். கடைசியில் கடவுள் சூறாவளியிலிருந்து பேசுகிறார். விளக்கம் வரும் என்று எதிர்பார்த்தால், வருவது கேள்விகள். "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" அப்புறம் கடல், பனி, நட்சத்திரம், காட்டுக் கழுதை, கழுகு, முதலை போன்ற ஒரு பெரும் பிராணி என்று உலகத்தையே விரித்துக் காட்டுகிறார். அந்த ஏழு மகன்களும் மூன்று மகள்களும் ஏன் செத்தார்கள் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"அவன் போடுற கணக்கு நமக்கு எங்க புரியும்" என்ற பதில்தானே இது என்று முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் கடைசி அதிகாரத்தில் கடவுள் அந்த நண்பர்களைப் பார்த்து, என் ஊழியன் யோபு பேசியதுபோல் நீங்கள் என்னைக் குறித்துச் சரியானபடி பேசவில்லை என்று கோபப்படுகிறார். கடவுளுக்காக வாதாடியவர்கள் அவர்கள், கடவுளோடு சண்டை போட்டவர் யோபு. இந்த ஒரு வசனத்துக்காகவே அந்த முழுப் புத்தகத்தையும் படிக்கலாம்.

இனி நம் பக்கம். புறநானூற்று 194ஆவது பாட்டு, பக்குடுக்கை நன்கணியார் பாடியது, மொத்தம் ஏழே வரி. ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. துணையோடு இருப்பவர்கள் பூச்சூடுகிறார்கள், துணையைப் பிரிந்தவர்கள் கண்ணில் நீர் வழிகிறது. இதை ஒரே தெருவில், ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டு நிற்கும் ஆள் ஒருவர் சொல்கிறார்: "படைத்தோன் மன்ற, அப் பண்பிலாளன்!" இப்படிப் படைத்துவிட்டானே, அந்தப் பண்பு கெட்டவன். படைத்தவனைப் பார்த்து இவ்வளவு நேராகத் திட்டிய வரியை நான் அதிகம் பார்த்ததில்லை. 'அப்' என்ற சுட்டைக் கவனியுங்கள். பெயர்கூடச் சொல்லாமல், நாம் கோபத்தில் 'அந்த ஆள்' என்போமே, அதே தொனி. அடுத்து, இந்த உலகம் கொடியது, இதன் இயல்பு தெரிந்தவர்கள் இனியதைத் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முடித்துவிடுகிறார். படைத்தவனிடமிருந்து பதில் வரும் என்று அவர் காத்திருக்கவே இல்லை.

வள்ளுவரும் ஒரு இடத்தில் இப்படிப் பொங்கியிருக்கிறார். பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால் "பரந்து கெடுக உலகியற்றியான்", அதாவது உலகத்தைப் படைத்தவனும் அலைந்து கெடட்டும் என்கிறார். இது எல்லோருக்கும் தெரிந்த குறள். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அழுக்காறாமை அதிகாரத்தில் இருக்கும் 169ஆவது குறள்.

"அவ்விய நெஞ்சத்தான் ஆக்கமும் செவ்வியான்
கேடும் நினைக்கப் படும்."

பொறாமைக்காரன் நன்றாக வாழ்கிறான், நேர்மையானவன் கெட்டுப் போகிறான், இது இரண்டும் 'நினைக்கப்படும்'. ஆராய்ந்து பார்க்கத்தக்கது என்று உரைகள் சொல்கின்றன, பழவினையைத் தேடிப் போகும் உரையும் உண்டு. ஆனால் குறளில் இருப்பது அந்த ஒரு சொல்தான். ஊழைப் பற்றித் தனியாக ஒரு அதிகாரமே எழுதியவர் இங்கே 'இது ஊழ்' என்று எளிதாக எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அப்படி எழுதாமல் 'நினைக்கப்படும்' என்று விட்டிருக்கிறார். நேர்மையான ஒருவர் நொடித்துப்போவதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தச் சொல் என் மனதில் வந்து நிற்கும்.

அடுத்து சிலப்பதிகாரம். "போன ஜென்மத்துக் கணக்கு" என்ற பதிலை இதைவிடப் பெரிதாகச் சொன்ன நூல் தமிழில் இல்லை. நூலின் முன்னுரைபோல வரும் பதிகத்திலேயே மூன்று நோக்கங்களை அறிவித்துவிடுகிறார்கள், அதில் ஒன்று "ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்" என்பது. முன் செய்த வினை உருவெடுத்து வந்து தன் பலனை ஊட்டிவிடும்.

ஆனால் கதைக்குள் போனால் இளங்கோவடிகள் கண்ணகிக்குக் கொடுத்திருக்கும் வாயைப் பாருங்கள். மதுரையில் வெட்டுப்பட்டுக் கிடக்கும் கணவனைக் கண்டு அழும்போது அவள் கேட்கிறாள்: இந்த ஊரில் பெண்டிரும் உண்டுகொல்? சான்றோரும் உண்டுகொல்? கடைசியாக, "தெய்வமும் உண்டுகொல் தெய்வமும் உண்டுகொல்". ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு தடவை கேட்கிறாள். பெண்கள், பெரியவர்கள், தெய்வம் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். சத்தமாக வாசித்துப் பார்த்தால், எங்கள் தெருப் பாட்டி அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது காதில் விழும்.

அதற்கான விளக்கம் மதுரை எரிந்த பிறகு வருகிறது. மதுராபதித் தெய்வம் வந்து சொல்கிறது: முற்பிறவியில் கோவலன் பரதன் என்ற பெயரோடு கலிங்கத்துச் சிங்கபுரத்தில் அரசனிடம் வேலை பார்த்தான். அங்கே வியாபாரத்துக்கு வந்த சங்கமன் என்ற ஒன்றும் அறியாத வணிகனை ஒற்றன் என்று பிடித்துக் கொடுத்தான், அவனைக் கொன்றுவிட்டார்கள். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் தெருத்தெருவாக அழுது திரிந்து, எங்களுக்கு இந்தத் துயரத்தைச் செய்தவர்களும் இதையே அடையட்டும் என்று சபித்துவிட்டு மலையிலிருந்து விழுந்து செத்தாள். அந்த வினைதான் இப்போது வந்திருக்கிறது.

இதை வெறும் கணக்குத் தீர்ப்பு என்று நினைத்து ரொம்ப நாள் எனக்கு இந்தப் பகுதியே பிடிக்காமல் இருந்தது. பிறகு ஒரு தடவை நிதானமாகப் படித்தபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, அந்தத் தெய்வம் கண்ணகிக்கு முன்னால் வந்து நிற்கவில்லை, "முன்னிலை ஈயாள் பின்னிலைத் தோன்றி" என்கிறார் இளங்கோ. விளக்கம் சொல்ல வந்த தெய்வத்துக்கே அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை, பின்னால் நின்றுகொண்டுதான் சொல்கிறது. இரண்டாவது, கண்ணகியின் துயரத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுவது இன்னொரு கண்ணகியின் துயரம். அநியாயமாகக் கொல்லப்பட்ட வணிகன், தெருவில் அழுத மனைவி, பதினான்கு நாள். அங்கே நீலி அழுத நாட்களும் பதினான்கு, இங்கே கண்ணகி கணவனை மறுபடி காணும்வரை நடக்கும் நாட்களும் பதினான்கு. அப்படியென்றால் நீலிக்கு வந்த துயரத்துக்குக் காரணம் எது? நூல் அங்கே நிறுத்திக்கொள்கிறது.

சரி, விளக்கத்தைக் கேட்டுக் கண்ணகி ஆறுதல் அடைந்தாளா? கொற்றவை கோயில் வாயிலில் வளையலை உடைத்துப் போட்டுவிட்டு அவள் சொல்வது இது: "கீழ்த்திசை வாயில் கணவனொடு புகுந்தேன், மேல்திசை வாயில் வறியேன் பெயர்கு." கிழக்கு வாசல் வழியாக அவரோடு வந்தேன், மேற்கு வாசல் வழியாக ஒன்றுமில்லாமல் போகிறேன். காரணம் தெரிந்துவிட்டது, ஆனாலும் கை வெறுங்கைதான். ஊழின் வலிமையைச் சொல்ல வந்த நூலில், அந்த விளக்கம் ஒரு மனைவிக்குப் போதவில்லை என்பதையும் இளங்கோ மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

கம்பருக்கு வந்தால், இராமன் விதியின் பக்கம் நின்று பேசும் பாட்டு பள்ளிக்கூடத்திலேயே பலரும் படித்தது. "நதியின் பிழை அன்று நறும்புனல் இன்மை" என்று தொடங்கும். ஆற்றில் தண்ணீர் வற்றிப்போனால் அது ஆற்றின் குற்றமா? அதுபோல அப்பா மேலும் தப்பில்லை, சிற்றன்னை மேலும் தப்பில்லை, பரதன் மேலும் தப்பில்லை, "விதியின் பிழை, நீ இதற்கு என்னை வெகுண்டது?" என்று இலக்குவனைக் கேட்கிறான். அழகான பாட்டு, எத்தனையோ பேரின் மனதைத் தணித்த பாட்டு. ஆனால் கம்பர் உடனே அடுத்த பாட்டில் இலக்குவனைப் பேச விடுகிறார், உலையில் தீ பொங்குவதுபோலப் பொங்கி, "விதிக்கும் விதி ஆகும் என் வில் தொழில் காண்டி" என்கிறான். விதிக்கே விதியாக என் வில் இருக்கும், பார். இரண்டு பாட்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. மேடைகளில் பெரும்பாலும் முதல் பாட்டோடு நிறுத்திவிடுவார்கள், எனக்கு அது வருத்தம்தான், ஏனென்றால் இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் கம்பர் என்ன செய்கிறார் என்பது தெரியும்.

இதைவிடத் துணிச்சலான இடம் வாலி வதை. இராமன் கடவுள் என்பதில் கம்பருக்குச் சந்தேகமே கிடையாது. அந்தக் கடவுள் மறைந்து நின்று அம்பு விடுகிறார். மார்பில் பாய்ந்த அம்பை வாலி கையால் பற்றி இழுக்கிறான், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறான். 'இராம' என்ற பெயர். தன் புண்ணிலிருந்து உருவிய ஆயுதத்தில் கடவுளின் பெயரைப் படிக்கும் ஒருவன்! அங்கிருந்து கேள்வி தொடங்குகிறது. உன் மனைவியை அரக்கன் ஒருவன் தூக்கிப்போனால், அதற்குச் சம்பந்தமே இல்லாத குரங்கு அரசனைக் கொல்லச் சொல்லி எந்த நீதிநூலில் இருக்கிறது? "இரக்கம் எங்கு உகுத்தாய்? என்பால் எப்பிழை கண்டாய்? அப்பா!" கருணையை எங்கே கொட்டிவிட்டு வந்தாய் என்று கேட்கிறான். இன்னொரு இடத்தில், நீ கொன்றது வாலியை இல்லை, அறத்தின் வேலியை என்று பொருள்பட, "வாலியைப் படுத்தாய் அலை, மன் அற வேலியைப் படுத்தாய்" என்கிறான்.

இராமன் பதில் சொல்கிறான். தம்பி மனைவியைக் கவர்ந்தது குற்றம் என்பது அதில் முக்கியமான வாதம். வாலி அதை ஏற்றுக்கொண்டாலும் ஒன்று மட்டும் பாக்கி நிற்கிறது: சரி, ஏன் மறைந்து நின்று அடித்தாய்? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கம்பர் இராமனைப் பேச விடவில்லை. இலக்குவன்தான் பதில் சொல்கிறான், எதிரே வந்தால் நீயும் அடைக்கலம் என்று விழுந்துவிடுவாய், அதனால்தான் என்று. வாலி மனம் மாறி, வணங்கி, உயிர் விடுகிறான். ஆனால் பட்டிமன்ற மேடைகளில் இந்த வழக்கு இன்றுவரை ஓயவில்லை, காரணம் கம்பர் வாலியின் வாயில் வைத்த சொற்கள் அப்படிப்பட்டவை.

கடல் தாண்டிப் போனால், இந்த வேலையை வெளிப்படையாகவே அறிவித்துவிட்டுச் செய்தவர் ஜான் மில்டன். இங்கிலாந்துக் கவிஞர், 1608இல் பிறந்து 1674இல் இறந்தவர். 'இழந்த சொர்க்கம்' என்ற அவருடைய காவியம் 1667இல் வந்தது. ஆதாமும் ஏவாளும் விலக்கப்பட்ட கனியைத் தின்று சொர்க்கத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்ட கதை, 10,000 வரிகளுக்கு மேல். தொடக்கத்திலேயே, கடவுள் மனிதரை நடத்தும் முறை நியாயமானது என்று காட்டவே இதைப் பாடுகிறேன் என்கிறார்.

அவர் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மன்னராட்சியை எதிர்த்தவர்களோடு சேர்ந்து, மன்னனுக்கு மரணதண்டனை கொடுத்தது சரிதான் என்று எழுதி, அந்தப் புதிய அரசாங்கத்தில் வேலை பார்த்தவர். அது கடவுளுக்குப் பிடித்த வேலை என்றே நம்பினார். 1660இல் எல்லாம் கவிழ்ந்து மன்னராட்சி திரும்பி வந்துவிட்டது. அவருடைய புத்தகங்களை எரித்தார்கள், அவரும் கொஞ்ச நாள் சிறையில் இருந்தார். அதற்கு முன்பே, 1652 வாக்கில், இரண்டு கண்ணும் முழுதாகப் போய்விட்டன. காவியத்தை அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். கடவுள் நியாயமானவர் என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் வேறு யாரையும்விட அவருக்கே அதிகமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அவருடைய வாதம் எளிதானது: கடவுள் மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்தார். நிற்கவும் வலு கொடுத்தார், விழவும் வழி விட்டார். கட்டாயத்தில் வரும் அன்புக்கு மதிப்பு ஏது? அதனால் விழுந்தது மனிதன் பொறுப்பு. மூன்றாம் பாகத்தில் கடவுளே இதைப் பேசுகிறார். எனக்கு அந்தப் பகுதி வக்கீல் பேசுவதுபோலத்தான் கேட்கிறது, தர்க்கம் சரியாக இருக்கிறது, நெஞ்சில் ஒட்டவில்லை. ஆனால் சாத்தான் பேசும்போது கவிதை பற்றி எரிகிறது. சொர்க்கத்தில் ஊழியம் செய்வதைவிட நரகத்தில் ஆள்வது மேல் என்று அவன் சொல்லும் இடம் ஆங்கிலம் படித்த எல்லோருக்கும் தெரியும். மில்டன் தனக்கே தெரியாமல் சாத்தான் கட்சியைச் சேர்ந்தவர் என்று பின்னால் வந்த கவிஞர் வில்லியம் பிளேக் எழுதினார். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். கம்பர் வாலிக்குச் செய்ததை மில்டன் சாத்தானுக்குச் செய்தார், குறைத்துப் பேச வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சாத்தானைவிட என்னை உலுக்கியது பத்தாம் பாகத்தில் ஆதாம் கேட்கும் கேள்வி. எல்லாம் போன பிறகு இருட்டில் தரையில் கிடந்து, என்னை மண்ணிலிருந்து மனிதனாகச் செய் என்று நான் உன்னைக் கேட்டேனா என்கிறான். நம் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் கோபத்தில் அப்பா அம்மாவைக் கேட்பார்களே, 'என்னை ஏன் பெத்தீங்க?', அதே கேள்வி. 1818இல் மேரி ஷெல்லி தன் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலின் முகப்பில் இந்த வரிகளைத்தான் எடுத்துப் போட்டார்.

மில்டனுக்குப் பிறகு ஐரோப்பாவில் இந்த வாதம் ரொம்பச் சுலபமாகிவிட்டது. 1733–34இல் அலெக்சாண்டர் போப் என்ற கவிஞர், முழுப்படமும் நமக்குத் தெரியாததால்தான் தீமைபோலத் தெரிகிறது, இருப்பதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று அழகான ஈரடிகளில் எழுதினார். 1755 நவம்பர் 1ஆம் தேதி, சகல பரிசுத்தவான்கள் திருநாள் காலையில், மாதா கோயில்கள் நிறைந்திருந்த நேரத்தில் போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பன் பூகம்பத்தில் குலுங்கியது. அடுத்து கடல் உள்ளே வந்தது, அப்புறம் தீ. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் அதைப் பற்றி ஒரு நீண்ட கவிதை எழுதினார். தாயின் மார்பில் நசுங்கிய குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள், லிஸ்பனில் மட்டும்தான் பாவம் இருந்ததா, பாரிஸில் இல்லையா என்று கேட்டு, 'எல்லாம் சரி' என்ற வாசகத்தையே தூக்கிப் போட்டார். தத்துவவாதி ரூசோ அவருக்கு எழுதிய கடிதத்தில், ஆறு ஏழு மாடி வீடுகளை நெருக்கி நெருக்கிக் கட்டியது இயற்கை இல்லையே, மனிதர்தானே என்று கேட்டார். இரண்டு பேர் சொன்னதும் எனக்கு முக்கியம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்ரீகர்கள் வேளாங்கண்ணிக் கடற்கரையில் அலையில் போனபோது, நம் ஊர்களில் எழுந்ததும் வால்டேருடைய கேள்விதான். அப்புறம் மெதுவாக, எச்சரிக்கை ஏன் வரவில்லை, கரையை ஒட்டி இவ்வளவு வீடுகள் ஏன் என்ற ரூசோவின் கேள்வியும் வந்தது.

மில்டனின் கண்ணுக்குத் திரும்பி வருகிறேன். பெரிய காவியத்தைவிட, பார்வை போனதைப் பற்றி அவர் எழுதிய பதினான்கு வரிக் கவிதை ஒன்று எனக்கு நெருக்கம். வெளிச்சத்தைப் பிடுங்கிக்கொண்டு பகல் வேலையைக் கேட்பாரா கடவுள் என்று அதில் கேட்கிறார். கேட்ட உடனேயே தன்னை அடக்கிக்கொள்கிறார், நின்று காத்திருப்பவர்களும் ஊழியம் செய்பவர்களே என்று முடிக்கிறார். அந்த அடக்கத்தில் ஒரு கனம் இருக்கிறது.

அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் கண் போன இன்னொரு கவிஞர் நம்மிடம் இருக்கிறார். திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிக் கிளம்பியதால் சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போயின என்பது பெரியபுராணக் கதை. காஞ்சியில் ஒரு கண் வந்தது. திருவாரூர் வந்து இன்னொரு கண்ணுக்காகப் பாடுகிறார். அவர் தன்னை அடக்கிக்கொள்ளவில்லை.

"விற்றுக் கொள்வீர் ஒற்றி அல்லேன் விரும்பி ஆட்பட்டேன்
குற்றம் ஒன்றும் செய்தது இல்லை கொத்தை ஆக்கினீர்
எற்றுக்கு அடிகேள் என்கண் கொண்டீர் நீரே பழிப்பட்டீர்"

ஒற்றி என்றால் அடமானம், கொத்தை என்றால் குருடு. நான் அடமானம் வைத்த பொருள் இல்லை, விரும்பி வந்தவன். தப்பு ஒன்றும் செய்யவில்லை, என்னைக் குருடனாக்கிவிட்டீர். எதற்காக என் கண்ணை எடுத்தீர்? பழி உமக்குத்தான். கதைப்படி அவர் மேல் தப்பு இருக்கிறது, பாட்டில் இல்லவே இல்லை என்கிறார். வாக்கு மீறல் ஒரு குற்றம் என்றே அவர் ஒத்துக்கொள்ளவில்லை, நண்பர்களுக்குள் நடக்கும் சண்டை இப்படித்தானே இருக்கும். எதிரே நிற்பவர் கடவுள் என்பது அவருக்கு மறந்துபோகவும் இல்லை, அதே மூச்சில் 'அடிகேள்' என்று மரியாதையாகவும் அழைக்கிறார். அந்தப் பதிகத்தில், அதாவது அந்தப் பாட்டுத் தொகுப்பில், வந்து வந்து விழும் சொல் "வாழ்ந்து போதீரே". உம்மையே நம்பி இருக்கிறவர்கள் உள்ளுக்குள் வெந்து போய்த் தங்கள் கஷ்டத்தைச் சொன்னால் நீர் சும்மா இருப்பீர், நல்லா வாழ்ந்து போம். வாழ்த்துகிற சொல்லையே எடுத்துக் கடவுள் முகத்தில் வீசுகிறார்.

மற்ற எல்லாவற்றையும் பிறகு படித்துக்கொள்ளலாம், தொடங்குகிறவர்கள் இந்த ஒரு பதிகத்தை எடுத்து, பொருள் முழுதாகப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

எங்கள் தெருப் பாட்டி அந்தப் பையன் போன பிறகு மாரியம்மன் கோயில் பக்கமே போகவில்லை. அடுத்த வருடம் திருவிழாவில் அம்மன் சப்பரம் எங்கள் தெருவுக்கு வந்தபோது எல்லா வீட்டு வாசலிலும் தாம்பாளத்தோடு நின்றார்கள், அவர் வெறுங்கையோடு அதே வாசற்படியில் நின்றார். சப்பரம் அவர் வீட்டு முன்னால் வந்து நின்றது. பூசாரி தட்டுக்காகக் கையை நீட்டினார், பாட்டி அவரைப் பார்க்கவில்லை. அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லா இரும்மா" என்றார். "நீயாவது நல்லா இரு."